காவலர் சட்டையில் கேமரா: ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன?

சட்ட மாணவி, மதுரை:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் கல்லூரியில் நடக்கும் வாதப் போட்டியில், காவலர்கள் அனைவரும் சட்டையில் கேமரா அணிந்தே பணிபுரிய வேண்டும் என்ற தரப்பில் பேச எனக்குச் சீட்டு விழுந்திருக்கிறது. கலிபோர்னியாவின் ரியால்டோ நகரில் 2012-13இல் கேமரா அணிவித்துப் பார்த்தபோது, காவலர்கள் மீதான புகார்கள் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 88 சதவீதமும், பலப்பிரயோகம் ஏறக்குறைய 60 சதவீதமும் குறைந்தன என்று படித்ததும், வாதம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் 2017இல் வாஷிங்டன் நகரில் 2,000க்கும் மேற்பட்ட காவலர்களைக் கொண்டு செய்த ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமே தென்படவில்லையாம். இவற்றில் எதை நம்பிப் பேசுவது?

புள்ளியியல் ஆசிரியர்:
இரண்டையும் நம்பலாம். ரியால்டோ சிறிய நகரம். ஒரே காவலர் ஒரு பணிமுறையில் கேமராவோடும் மறு பணிமுறையில் அது இல்லாமலும் ரோந்து சென்றார். பழகிய பணிவு கேமராவைக் கழற்றியதும் கழன்றுவிடுமா என்ன? ஆகவே குறைந்ததில் எவ்வளவு கேமராவால் குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். வாஷிங்டனில் காவலர்களையே கேமரா அணிபவர், அணியாதவர் எனக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். அங்கு மாற்றம் தெரியாததற்கு, காவலர்கள் முன்பே ஒழுங்காக நடந்திருக்கலாம். கேமராவைப் பொருட்படுத்தாமலும் இருந்திருக்கலாம். எது காரணம் என்பதை அந்த எண்கள் சொல்லாது. நீங்கள் 88 சதவீதத்தை மட்டும் மேடையில் வீசினால், எதிரணி வாஷிங்டனை எடுத்து வீசும்.

வழக்கறிஞர்:
சதவீதக் கணக்கைவிட, பதிவைத் தொடங்கி நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள் தங்கையே. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கேமராக்கள், பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிக் காட்சியையும் ஒலி இல்லாமல் சேமித்துவிடும். இதை மறந்த காவலர் ஒருவர், குப்பைக்கிடையே ஒரு தகர டப்பாவை வைத்துவிட்டுத் தெருவுக்கு வருகிறார், பொத்தானை அழுத்துகிறார், திரும்பப் போய்த் தேடுவதுபோல் தேடி, போதைப்பொருளைக் "கண்டெடுக்கிறார்". அந்த ஊமைக் காட்சிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. மறு ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்த 30 விநாடி மட்டும் இல்லாதிருந்தால் அதே கேமரா அவருக்குச் சாட்சியாக நின்றிருக்கும்!

பதிவான காட்சி மக்கள் கைக்கு வருமா என்பது அடுத்த சிக்கல். அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இத்தகைய காட்சிகளை வெளியிட முடியாது. 2021இல் அம்மாநிலத்தின் எலிசபெத் சிட்டி நகரில் காவலர்கள் சுட்டு ஒருவர் இறந்தபோது, குடும்பத்தாருக்கு முதலில் காட்டியது வெறும் 20 விநாடி.

நம் ஊருக்கு வருவோம். சாத்தான்குளத்தில் இருந்தது சட்டைக் கேமரா அல்ல, சுவரில் மாட்டிய சிசிடிவி. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த பிறகு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், வன்தட்டில் போதிய இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்திருந்ததாக உயர் நீதிமன்றக் கிளைக்கு அறிக்கை அளித்தார். கேமரா வாய் மூடிக்கொண்ட இடத்தில், அங்கேயே பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அச்சத்தோடு அளித்த வாக்குமூலம்தான் பேசியது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் காட்சிகளை 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவை அவசியம் படியுங்கள்.

ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர்:
வழக்கறிஞர் ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடும்பத் தகராறு என்று நள்ளிரவில் அழைப்பு வரும்; போய்க் கதவைத் தட்டினால், உதடு கிழிந்து, தலை கலைந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்பார். அந்தக் கோலத்தைப் பதிவு செய்து ஒன்றரை ஆண்டு வைத்திருக்கலாமா? டீக்கடை ஓரத்தில் துப்புச் சொல்பவரும், சட்டையில் சிவப்பு விளக்கு மினுங்குவதைக் கண்டால் டம்ளரை வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். காவலர் அணைக்கவே முடியாதபடி பொத்தானை அடியோடு பிடுங்கிவிட்டால் காவலருக்கு மட்டுமல்ல, மக்களுக்கும் சங்கடம்தான்.

வழக்கறிஞர்:
நியாயமான கேள்வி ஐயா. பாதிக்கப்பட்டவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாம் என்றும், அவர் அப்படிக் கேட்பதும் காவலர் நேரத்தைச் சொல்வதும் பதிவான பிறகே அணைக்க வேண்டும் என்றும் விதி வகுக்கலாம். பதிவு இல்லையென்றால், ஏன் இல்லை என்று விளக்கும் பொறுப்பு காவலருடையது.

சட்ட மாணவி, மதுரை:
மூவருக்கும் மிக்க நன்றி. "அனைவரும் அணிய வேண்டும்" என்பதோடு நிற்காமல், "அணிந்தவர் அழிக்க முடியாதபடி அணிய வேண்டும்" என்று என் வாதத்தை மாற்றி எழுதுகிறேன். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது, வழக்கறிஞர் அண்ணா: அந்த நள்ளிரவில், உதடு கிழிந்து நிற்கும் பெண்ணிடம் "நிறுத்தட்டுமா அம்மா?" என்று கேட்கப்போவதும் லத்தியோடு எதிரில் நிற்கும் அதே காவலர்தானே?