2008 சான்ட்ரோ: விற்பதா, ஸ்கிராப்புக்குக் கொடுப்பதா?

தூத்துக்குடியில் ஓடும் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல், 1,42,000 கிலோமீட்டர். 2023-ல் ஆர்.சி. புதுப்பித்தது, 2028 வரை செல்லும்.

ஆறு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. பிளக், பி.சி.வி. வால்வு (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) மாற்றியும் பலனில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் 110 பி.எஸ்.ஐ., மற்றவை 165-க்கு மேல். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டால் 150-க்கு ஏறுகிறது. ஆயில் பிஸ்டன் ரிங் இடுக்கை அடைப்பதால்தான் ஏறுகிறது. ஆகவே கம்ப்ரஷன் குறைவுக்கு ரிங் தேய்மானம்தான் காரணம், எஞ்சின் வால்வு அல்ல.

எஞ்சினைவிடத் துருதான் பெரிய கவலை. உப்புக்காற்றில் பதினேழு வருடம் வெளியே நின்ற வண்டி. டிரைவர் பக்க மேட்டைத் தூக்கினால் பத்து ரூபாய் நாணய அளவு ஓட்டை வழியே ரோடு தெரிகிறது. அதை வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம். பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலும் தகடு செதில் செதிலாக உதிர்கிறது, பயமே அங்கேதான்.

ரிங் வேலைக்கு 32,000, டிங்கரிங்குக்கு 20,000 கேட்கிறார்கள். இருக்கிற நிலையிலேயே ஒரு வியாபாரி 35,000 தருகிறார். ஆனால் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து போதும், பெயர் மாற்றம் அப்புறம் என்கிறார். அதற்கு ஒப்பவில்லை, பெயர் மாறும்வரை விபத்து வழக்கு ஆர்.சி.யில் உள்ளவர் தலையில்தான் விழும். அரசுப் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் 21,000, கூடவே புது வண்டி வாங்கும்போது சலுகை தரும் டெபாசிட் சான்றிதழ். புது வண்டி வாங்கும் திட்டம் இல்லாததால் அந்தச் சலுகை எனக்கு நேரடியாகப் பயன்படாது.

பின் சஸ்பென்ஷன் பிடிமானத்தில் வைக்கும் வெல்டிங் 2028 வரை நம்பி ஓட்டும் அளவுக்குத் தாங்குமா, இல்லை ஸ்கிராப்புக்கே அனுப்பிவிடலாமா?