லூபஸ் நோயில் டி செல்களின் சமிக்ஞை எங்கே பிசகுகிறது?

கேள்வி: சுங்கை சிப்புட் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வந்திருக்கும் லூபஸ் நோய் (நோயெதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் நோய்) சிறுநீரகத்தையும் தாக்கத் தொடங்கியிருப்பதால், ஈப்போவில் அவளைப் பார்க்கும் சிறப்பு மருத்துவர் ஸ்டீராய்டுடன் தாக்ரோலிமஸ் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நோயெதிர்ப்பு வேலையைச் செய்யும் வெள்ளையணுக்களில் ஒருவகையான டி செல்களை அடக்கும் மருந்து என்று அவர் விளக்கினார். தோட்டத்தில் இருக்கும் உறவினர்களோ, உடம்பில் எதிர்ப்புச் சக்தி போய்விட்டதால்தான் இந்த நோய் வந்தது என்று சொல்லி, சக்தியைக் கூட்டும் லேகியங்களை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்தவள் என்பதால், டி செல் என்றால் என்னவென்று ஓரளவு அறிவேன். அவற்றின் சமிக்ஞை மிகுவதால் நோய் வருகிறதா, குறைவதால் வருகிறதா? மிகுவதால் என்றால், இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே அவளுக்கு அக்கியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தது ஏன்?

பதில்: ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர், கோலகங்சார்

அம்மா, முதலில் அந்த லேகியங்களை நிறுத்தி வையுங்கள். தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸராகப் பல காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எழுதப்படாத எதையும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கக் கூடாது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது புட்டிகளோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். டி செல் பற்றிய விளக்கத்தை, படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பதில்: நோயெதிர்ப்பியல் மாணவன், கோலாலம்பூர்

வணக்கம் அக்கா. நானும் சுங்கை சிப்புட்காரன்தான். சமிக்ஞை மிகுந்தாலும் நோய் வரும், குறைந்தாலும் நோய் வரும். லூபஸ் நோயில் இரண்டும் ஒரே செல்லுக்குள் நடக்கின்றன.

வேறொரு செல் ஏந்திக் காட்டும் புரதத் துண்டை டி செல்லின் ஏற்பி பற்றிக்கொண்டவுடன், எல்சிகே என்னும் நொதி அந்த ஏற்பியோடு இணைந்த சங்கிலிகளின் உட்புறத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த இடத்தில் ஸாப்-70 என்னும் நொதி வந்து அமர்ந்து, செய்தியை மேலும் உள்ளே கடத்துகிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து, கால்சிநியூரின் என்னும் நொதியை எழுப்புகிறது. அது என்ஃபேட் என்னும் புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிட, என்ஃபேட் உட்கருவுக்குள் நுழைந்து, டி செல்களைப் பெருகத் தூண்டும் ஐஎல்-2 என்னும் புரதத்துக்கான மரபணு முதலியவற்றை இயக்குகிறது. உங்கள் தங்கை உட்கொள்ளும் தாக்ரோலிமஸ் கால்சிநியூரினைத்தான் தடுக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும் இதே மருந்து கொடுக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஏற்பியின் சமிக்ஞை மட்டும் டி செல்லை முழுமையாக எழுப்பிவிடாது. டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி28 என்னும் மற்றொரு புரதத்தின் வழியாக இரண்டாவது சமிக்ஞையும் வேண்டும். சிடிஎல்ஏ-4, பிடி-1 என்னும் புரதங்கள் இதற்குத் தடைகளாக இருக்கின்றன. சிடிஎல்ஏ-4 மரபணு நீக்கப்பட்ட எலிகள், பிறந்த சில வாரங்களிலேயே கட்டுக்கடங்காமல் பெருகும் டி செல்களால் இறந்துபோகின்றன. மனிதரிலும் இதைக் காண்கிறோம்: புற்றுநோய்க்காக இந்தத் தடைகளை நீக்கும் மருந்துகளைப் பெறுவோரில் சிலருக்குக் குடல் அழற்சியும் தைராய்டு கோளாறும் தோன்றுகின்றன. இவை சமிக்ஞை மிகுவதால் வரும் கேடுகள்.

குறைவதால் வரும் கேட்டுக்கு, ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சியின் குழு 2003-இல் வெளியிட்ட எலி ஆய்வு சிறந்த சான்று. ஸாப்-70 மரபணுவில் ஒரே ஒரு மாற்றம். அதனால் சமிக்ஞை தளர்ந்துவிடுகிறது. தைமஸ் சுரப்பியில், சொந்த உடலையே வலுவாகப் பற்றும் டி செல்கள் வளரும்போதே அழிக்கப்பட வேண்டும். பற்றுதல் வலுவாக இருந்தும் சமிக்ஞை மெலிந்து ஒலிப்பதால், அந்தச் செல்கள் தேர்வில் தப்பி வெளியேறிவிடுகின்றன. அந்த எலிகளுக்கு முடக்குவாதத்தை ஒத்த மூட்டு நோய் வருகிறது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. வலு குறைந்த சமிக்ஞை வலு குறைந்த படையைத் தரவில்லை. தவறான படையைத் தருகிறது.

இனி லூபஸ். இந்நோயாளிகளில் பலருடைய டி செல்களில், ஏற்பியோடு இணைந்திருக்க வேண்டிய ஸீட்டா என்னும் சங்கிலி குறைந்திருக்கிறது. அதன் இடத்தில் வேறொரு சங்கிலி புகுந்து, ஸாப்-70-க்குப் பதிலாக சைக் என்னும் நொதியை இழுத்துக்கொள்கிறது. அதனால் சிறு தூண்டலுக்கே கால்சியம் அளவுக்கு மீறிப் பாய்கிறது. ஆனால் இவ்வளவு ஆர்ப்பரிக்கும் அந்தச் செல், ஐஎல்-2-வை மட்டும் போதிய அளவு சுரப்பதில்லை. மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் ஐஎல்-2-வை நம்பியே வாழ்கின்றன. (2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, இந்தச் செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகச் சகாகுச்சிக்கும் மேரி பிரங்கோவுக்கும் பிரெட் ராம்ஸ்டெல்லுக்கும் வழங்கப்பட்டது.) கிருமி தொற்றிய செல்களைக் கொல்லும் டி செல்களின் திறனும் லூபஸ் நோயில் மங்கியிருக்கிறது. தங்கைக்கு அக்கி வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டின் பங்கையும் மறக்கக் கூடாது.

சுங்கை சிப்புட் ஆசிரியை

மிக்க நன்றி தம்பி. சக்தி இல்லை என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. லேகியங்களை எடுத்து வைத்துவிட்டேன், ஐயா. பழங்கள் கொடுப்பதில் தடை ஏதும் உண்டா? தம்பூன் பக்கம் போகிறவர்கள் எல்லாம் அவளுக்கு லிமாவ் பாலி வாங்கி வருகிறார்கள்.

பதில்: மருந்தாளர், தைப்பிங்

சகோதரி, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். லிமாவ் பாலி, அதாவது பம்பளிமாசு, தாக்ரோலிமஸ் எடுப்பவருக்கு ஆகாது. அந்த மருந்தைக் குடலிலும் கல்லீரலிலும் சிதைக்கும் நொதியைக் கிரேப்புரூட் இனப் பழங்கள் முடக்கிவிடுவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் வரலாம், இரத்த அழுத்தம் உயரலாம், காப்பாற்ற நினைக்கும் சிறுநீரகமே கெடலாம். பப்பாளி, கொய்யா, வாழைப்பழம் போன்றவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சிறுநீரக நிலையைப் பொறுத்துப் பொட்டாசியம் கட்டுப்பாடு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் லிமாவ் பாலி சாப்பிட்டிருந்தால், அடுத்த முறை வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், காலை வேளை மருந்தை இரத்தம் கொடுத்த பிறகே அவர் விழுங்க வேண்டும்.