குடும்பக் குழு: மாங்குளம் வீடு

நிரோசன்: மாமா, விட்ஸ் கார்ல கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி) திரும்பவும் குறையுது. போன கிழமைதான் நிரப்பினது, இப்ப கீழ்க்கோட்டுக்கும் கீழ. நிலத்தில ஒரு சொட்டும் இல்லை.

சின்ன மாமா: எஞ்சின் சூடோ?

நிரோசன்: இல்லை, இரவு முழுக்க நிண்டது.

சின்ன மாமா: அப்ப பொனற்றைத் திற. சூட்டில மட்டும் றேடியேற்றர் மூடியில கை வையாதை. உள்ளுக்க பிறசர், தண்ணி 100 பாகைக்கு மேலயும் கொதியாமல் நிக்கும். மூடி கழண்டா முகத்துக்குத்தான் பாயும்.

ரஜனி அக்கா: நேற்று பரந்தன் போய்வந்து நிக்கேக்க கீழ சொட்டினதே?

சின்ன மாமா: ஏசி போட்டனீங்களோ? அது ஏசித் தண்ணி பிள்ளை. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இந்தக் காரின்ர கூலன்ற் எண்டா ரோஸ், இனிச்ச மணம், கையில வழுக்கும்.

சின்ன மாமா: நிரோ, சின்ன ஒழுக்கு நிலத்துக்கு வராது. சூட்டில அங்கேயே காஞ்சிடும். ஈரத்தைத் தேடாதை, காஞ்ச தடத்தைத் தேடு. ரோச் அடிச்சு ஹோஸ் கிளிப், றேடியேற்றர் ஓரம், கூலன்ற்றைச் சுத்தவிடுற வோட்டர் பம்மின்ர அடி எல்லாம் பார். உப்புப் பூத்த மாதிரி இருக்கும்.

பெரியம்மா: கிணத்துத் தண்ணியை ஊத்திக்கொண்டு ஓடினா என்ன?

சின்ன மாமா: அவசரத்துக்குச் சரி அக்கா. எங்கட தண்ணி கேத்தில்லயே வெள்ளையாப் படியுது, றேடியேற்றர்க் குழாயை விடுமே? துருவும் பிடிக்கும்.

நிரோசன்: 📷 பெல்ட் பக்கம், பம்முக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை. அதில இருந்து ரோஸ் கோடு இறங்கியிருக்கு.

சின்ன மாமா: அதுதான்! உள்சீல் தேஞ்சா கசிவு வெளியில தெரியட்டும் எண்டுதான் அந்த ஓட்டையை விட்டிருக்கிறாங்கள். பசை வைச்சு அடைச்சிடாதை, பெயரிங்குக்குள்ள போகும். பம் மாத்தத்தான் வேணும். ஒயில் மூடியையும் கழட்டிப் பார், கூலன்ற் கலந்து பால் மாதிரி இருக்கோ?

நிரோசன்: இல்லை, சுத்தம். சைலன்சரில வெள்ளைப் புகையும் இல்லை.

சின்ன மாமா: நல்லது. ஹெட் காஸ்கெற், அதுதான் எஞ்சின்ர மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல், போன அடையாளம் ஒண்டும் இல்லை.

ரஜனி அக்கா: நாளைக்கு அம்மாவை வவுனியா கிளினிக்குக்கு இதில கூட்டிக்கொண்டு போகலாமோ?

சின்ன மாமா: வேண்டாம், பஸ்ஸில போங்கோ. கசிவு எப்ப கூடுமெண்டு சொல்லேலாது. ஏ9 வெயிலில எஞ்சின் சூடேறினா பம்மோட முடியாது, ஹெட்டும் வளையும்.

நிரோசன்: சரி மாமா. மெக்கானிக் பாஸை இஞ்ச வந்து மாத்தச் சொல்லுறன்.

சின்ன மாமா: கழட்டேக்க வாற கூலன்ற்றை முத்தத்தில விடாதேங்கோ. இனிப்பெண்டு நாய் நக்கினா கிட்னி போய்ச் செத்துப்போகும்.

பெரியம்மா: ஐயோ, பிள்ளையளும் அங்கதானே விளையாடுதுகள்!

நிரோசன்: கான் வைச்சுப் பிடிச்சு மூடி வைக்கிறன் பெரியம்மா.