சிங்கப்பூர் கார்டால் முடங்கிய விளம்பர அக்கவுண்ட்: திரும்ப வாங்கிய கதை

நாச்சியார்கோவில்:

குத்துவிளக்கு வியாபாரம் எனக்கு. பட்டறை அப்பா காலத்தது, ஆன்லைன் விளம்பரம் மட்டும் என் காலத்தில் வந்தது. கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஒரு மாதம்தான் எங்களுக்கு அறுவடை. போன தடவை தீபத்துக்குச் சரியாக 23 நாள் இருக்கும்போது விளம்பர அக்கவுண்ட் சஸ்பெண்ட் ஆகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் ஒரு விளக்குத் தண்டுக்குக் கடைசல் பிடித்துக்கொண்டிருந்தோம். கையெல்லாம் பித்தளைத் தூள். போன் சத்தம் கேட்டு வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டுத் திறந்தால், மேலே சிவப்புப் பட்டை. ‘சந்தேகத்துக்குரிய பணப் பரிவர்த்தனை’ என்று ஒரு வரி. எந்தப் பரிவர்த்தனை, எந்தத் தேதி, ஒன்றும் கிடையாது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

அன்றிரவே கோபத்தில் ஓர் அப்பீல் தட்டிவிட்டேன். பரம்பரைப் பட்டறை, நாணயமான குடும்பம், யாரையும் ஏமாற்றியதில்லை என்று ஒரு பக்கம் எழுதி, பான் கார்டை மட்டும் இணைத்தேன். இரண்டே நாளில் நிராகரித்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவர்கள் கேட்டது கார்டைப் பற்றி, நான் சொன்னது தாத்தாவைப் பற்றி.

அப்புறம் நிதானமாக உட்கார்ந்து யோசித்ததில் கதை புரிந்தது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி புது விதியைக் கட்டாயமாக்கியது. நம் சம்மதம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஓடிபி. அந்த வரம்பை 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். மாதா மாதம் ஒரே தொகை போகிற சந்தாவுக்கு இது ஒத்துவரும். விளம்பரத்திலோ இன்றைக்கு 1,100, நாலு நாள் கழித்து 2,700 என்று ஒழுங்கில்லாமல் போகும். என் கார்டிலிருந்து பணம் எடுக்க முடியாமல் இரண்டு தடவை திரும்பியது. சிங்கப்பூரில் இருக்கும் மச்சினனிடம் சொன்னேன். “என் கார்டையே போட்டுக்குங்க அத்தான், மாசக் கடைசில கணக்குப் பாத்துக்கலாம்” என்றான். போட்டேன். மூன்று மாதம் ஜோராக ஓடியது.

கம்பெனியின் மெஷின் பக்கம் நின்று பாருங்கள். வியாபாரம் நாச்சியார்கோவில், கார்டு சிங்கப்பூர், கார்டில் இருக்கிற பெயர் வேறு யாருடையதோ. திருட்டுக் கார்டு என்று அது நினைத்ததில் தப்பே இல்லை. காரணத்தை நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம், அதுதான் என் வருத்தம்.

புது அக்கவுண்ட் திறந்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. கும்பகோணத்து ஆடிட்டர் தடுத்தார். அதே போன் நம்பர், அதே வெப்சைட்டோடு போனால் தடையைத் தாண்டப் பார்த்ததாக அதையும் மூடுவார்கள், பழையதும் கெட்டுப்போகும் என்றார். அவர் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. இது நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆதாரில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பேங்கில் முன்னால், பானில் அப்பா பெயர் முழுசாக. விளம்பர அக்கவுண்டின் பேமென்ட் புரொஃபைலில் வீட்டில் கூப்பிடுகிற பெயரைத் தட்டி வைத்திருந்தேன். அப்பா வைத்த பெயர் ஒன்று, ஆபீஸ்கள் வைத்த பெயர் நாலு. ஜிஎஸ்டி சான்றிதழில் சட்டப்படியான பெயர் பானில் உள்ளபடிதான் வரும் என்பதால், அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். புரொஃபைலில் பெயரையும் முகவரியையும் அதன்படி எழுத்துக்கு எழுத்து மாற்றினேன். கடையின் கரன்ட் அக்கவுண்ட் டெபிட் கார்டைச் சேர்த்து, பாக்கி நின்ற 4,312 ரூபாயை முதலில் கட்டினேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் புறப்பாட்டுக்குத் தூக்குகிற கல் கருடன் தெரியுமில்லையா? சன்னதியில் நாலு பேர் தூக்குவது, வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு பேர் என்று ஆகும். இவர்கள் கேட்கிற ஆவணமும் அப்படித்தான் ஏறியது. ஜிஎஸ்டி சான்றிதழ், பேங்க் ஸ்டேட்மென்ட், கரன்ட் பில், கார்டின் போட்டோ. கார்டில் கடைசி நாலு எண்ணும் பெயரும் தெரிந்தால் போதும், மற்ற எண்களை மறைத்துவிட வேண்டும். மறைக்க ஒன்றும் கிடைக்காமல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை எண்ணுக்கு ஒன்றாக 12 ஒட்டிப் படம் எடுத்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாவது அப்பீல் ஐந்தே வரி. முன்பு இருந்தது மனைவியின் தம்பி கார்டு, அவர் சம்மதத்தோடு போட்டது, இப்போது என் கடை கார்டு, பாக்கி கட்டியாயிற்று, ஆவணங்கள் இணைப்பில். ஆறாம் நாள் அக்கவுண்ட் திரும்பியது. தீபத்துக்கு 9 நாள் மிச்சம்.

இப்போதெல்லாம் யுபிஐயில் முன்பணம்தான். 1,000 ரூபாய் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி கழிந்து 847 ரூபாய்க்குத்தான் விளம்பரம் ஓடும். ஜிஎஸ்டி நம்பரைப் பதிந்து வைத்தால் அந்த வரியை நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

மன்னார்குடி:

எனக்கு வினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி அரிசி விற்கிறேன். விளம்பரத்துக்குக் கொடுத்திருந்த கார்டு அப்பா பெயரில். ராத்திரி 2,340 ரூபாய் போனதாக மெசேஜ் வர, அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேங்குக்குப் போன் போட்டு ‘நான் எடுக்கவில்லை’ என்று சொல்லிவிட்டார். பேங்க் பணத்தைத் திருப்பியது, விளம்பரக் கம்பெனி அக்கவுண்டை மூடியது. இதற்கு ஆதார், பான் எல்லாம் எடுபடாது. புகாரை வாபஸ் வாங்கியதாகப் பேங்கில் எழுத்தில் வாங்கி, அந்தப் பணத்தையும் கட்டின பிறகுதான் அப்பீலைப் பார்த்தார்கள். மொத்தம் ஏழு வாரம். “என் கார்டுல எனக்குத் தெரியாம எடுத்தா கேக்க மாட்டேனா?” என்று அப்பா இன்னமும் சொல்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருபுவனம்:

பட்டுப்புடவைக் கடை. அக்கவுண்ட் முடங்கிய விஷயத்தை நாலு இடத்தில் புலம்பினேன், மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒருவன் வந்தான். 5,000 கொடுத்தால் 24 மணி நேரத்தில் மீட்டுத் தருகிறானாம். பாதி முன்பணம் கொடுத்தேன். அப்புறம் போன் திரையைப் பகிரச் சொன்னான், ஓடிபி கேட்டான். அங்கேதான் உறைத்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். கொடுத்த 2,500 போனது போனதுதான். அப்பீல் நாமே போடலாம், கம்பெனி அதற்குக் காசு வாங்குவதில்லை என்று அப்போது தெரியாது.

மயிலாடுதுறை:

நாச்சியார்கோவில் அண்ணே, மச்சினர் கார்டை எடுத்துட்டீங்களா, இன்னும் அதிலேயே கிடக்கா?

நாச்சியார்கோவில்:

எடுத்தாச்சு தம்பி. ஒரே கார்டாக இருந்தவரை எடுக்க விடவில்லை, கடை கார்டைச் சேர்த்த பிறகுதான் விட்டது. அவனுக்குத் தர வேண்டிய 11,460 ரூபாய்தான் பாக்கி. “பணம் வேணாம் அத்தான், மூணடியில அன்ன விளக்கு ஒண்ணு அனுப்புங்க” என்கிறான். விமானக் கூலியை விசாரித்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அவனையே தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.