டெங்குவும் உடல் பருமனும்: அண்ணனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தீவிரமானது?

வைகைக்கரை:
ஒரே வாரத்தில் எனக்கும் அண்ணனுக்கும் டெங்கு உறுதியானது. எனக்கு ஆறாம் நாள் சரியாகிவிட்டது. 165 செ.மீ. உயரமும் 94 கிலோ எடையும் உள்ள அண்ணனோ, காய்ச்சல் விட்ட மறுநாளே கை கால் சில்லிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் சென்ற ஆண்டு ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 2 என்று வந்தது. எடையும் கல்லீரல் கொழுப்பும்தான் காரணமா?

பொது மருத்துவர்:
அவை மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. முன்பு ஒரு வகை வந்து போனவருக்கு வேறொரு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆயினும் எடைக்கும் பங்குண்டு. 2009 பன்றிக்காய்ச்சலின்போதுதான், வைரஸ் காய்ச்சல் கடுமையாவதற்குப் பருமன் தனித்த ஆபத்துக் காரணி என்பது தெளிவாகத் தெரிந்தது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அது அழற்சிப் பொருள்களை ஓயாமல் சுரந்துகொண்டிருப்பதால், வைரஸை முதலில் தடுக்க வேண்டிய இன்டர்ஃபெரான் என்னும் புரதம் மந்தமாகவும், பின்னர் எழும் அழற்சி மிகையாகவும் அமைந்துவிடுகிறது. அதே 2009இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டுதலும், பருமன் உள்ளவர்களை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கச் சொல்கிறது.

செவிலியர் ஒருத்தி:
வார்டில் நான் அஞ்சுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அழுத்தம் சரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகும். டிரிப்ஸையும் 94 கிலோவுக்குக் கணக்கிடக் கூடாது. உங்கள் அண்ணன் உயரத்துக்குரிய எடையான ஏறத்தாழ 62 கிலோவுக்கே கணக்கிட வேண்டும். மிகையாக ஏற்றினால், ரத்தக்குழாயிலிருந்து கசியும் நீர் நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சுத் திணறும்.

வைகைக்கரை:
நன்றி அம்மா. அண்ணனின் ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளான எஸ்ஜிஓடி 410, எஸ்ஜிபிடி 190 என்று இன்று வந்திருக்கிறது. இது பழைய கொழுப்பினாலா?

பொது மருத்துவர்:
ஃபேட்டி லிவரில் பொதுவாக எஸ்ஜிபிடிதான் மேலே நிற்கும். எஸ்ஜிஓடி இப்படி முந்துவது டெங்குவின் இயல்பு. ஆனால் ஏற்கெனவே கொழுப்பேறிய கல்லீரல் என்பதால் பாராசிட்டமால் அளவு மீறக் கூடாது. வலி மாத்திரைகளான ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் அறவே வேண்டாம். பழைய ஸ்கேன் அறிக்கையை இன்றே அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள் தம்பி.

வைகைக்கரை:
காட்டிவிட்டேன் ஐயா. எடை பற்றியும் கேட்டேன். 60 கிலோ என்று வைத்துத்தான் டிரிப்ஸ் போகிறதாம்.