லோடு ஏத்தினா ஃபோர்க்லிஃப்ட் இழுக்க மாட்டேங்குது

3 டன் டீசல் வண்டி, சிமெண்ட் குடோன்ல ஓடுது. நின்ன இடத்துல ஐடிலிங் சுத்தம். லோடோட ராம்ப் ஏறினா ஆர்பிஎம் ஏறாம திணறுது. கருப்புப் புகை இல்ல. இன்ஜினுக்கு டீசல் அனுப்பற பம்ப்பைக் கழட்டணுங்கறார் மெக்கானிக். கழட்டலாமா அண்ணே?

— பம்ப்பைத் தொடாதீங்க தம்பி. புகை கருப்பா இல்லன்னா இன்ஜினுக்குள்ள போற காத்துல அடைப்பு இல்ல, டீசல்தான் பத்தல. டீசல் ஃபில்டர் மாத்துங்க, செடிமென்டர்ல (டீசல்ல இருந்து தண்ணியைப் பிரிக்கற கிண்ணம்) தண்ணி நின்னா வடிங்க. இன்ஜினை நிறுத்திட்டு ஒருத்தரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, பம்ப் லீவர் ஸ்டாப்பர் வரைக்கும் போகுதான்னு பாருங்க.

— கிளட்ச், டிரான்ஸ்மிஷனா இருக்குமோ?

— அதுன்னா ஆர்பிஎம் ஏறும், வண்டிதான் நகராது.

— லீவர் முழுசாப் போகுது. ஃபில்டர் புதுசு. அதே கதை.

— டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்க. டேங்க்குக்குள்ள காத்து போகலன்னா டீசல் சரியா வராது.

— இழுக்குதுண்ணே! மூடியோட காத்து ஓட்டையில சிமெண்ட் இறுகிக் கெடக்கு.

— புது மூடி போடுங்க. ஊசியால குத்தினா தூள் டேங்க்ல விழும்.