மூன்று டிரைவர், முப்பது பந்து: உங்கள் கைக்குப் பொருந்தியது எது?

சென்னையிலிருந்து:

ஒன்பது ஆண்டுகளாக கோல்ஃப் ஆடுகிறேன். வயது 52, ஹாண்டிகேப் (ஒரு சுற்றில் கூடுதலாகத் தேவைப்படும் அடிகளின் கணக்கு) 19. பந்தை டீ என்ற சிறு குச்சியில் ஏற்றி வைத்து, தூரம் அடிப்பதற்கான கிளப்பான டிரைவரை எடுத்தால் பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் மறைந்துவிடும். என்னுடன் பை தூக்கி வரும் கேடி, நான் அடிப்பதற்கு முன்பே வலப்பக்க மரவரிசையை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார். பந்தைத் தேடிக் கொடுப்பது அவர் வேலை. அதை அவர் சரியாகச் செய்தார்.

அப்போது என்னிடம் இருந்தது 9 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு), எஸ் என்று குறித்த விறைப்பான ஷாஃப்ட் (தண்டு) கொண்ட டிரைவர். நண்பர் ஒருவர் அதே டிரைவரில் 250 யார்டு அடிப்பதைப் பார்த்து வாங்கினேன். அவருக்கு வயது 38. கல்லூரி அணியில் வேகப்பந்து வீசியவர். அவர் தோள் வேறு, என் தோள் வேறு என்பதைப் பணம் கொடுக்கும்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

சென்ற தை மாதம் ஒரு முடிவுக்கு வந்தேன். இரவல் வாங்கியாவது மூன்று டிரைவர்களை ஒரே காலையில், ஒரே வகைப் பந்தில் அடித்துப் பார்த்துவிட வேண்டும். ஒன்று என்னுடையது. இரண்டாவது 10.5 டிகிரி, எஸ்ஸைவிட வளையும் ஆர் ஷாஃப்ட். மூன்றாவதும் 10.5 டிகிரிதான், ஆனால் தலையின் குதிகால் பக்கம், அதாவது ஷாஃப்டை ஒட்டிய பக்கம், எடையைக் கூட்டி, பந்து வலப்பக்கம் ஓடுவதைக் குறைக்கும்படி செய்தது. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பந்து. பத்தையும் ஒரே மூச்சில் அடிக்காமல், மூன்று நான்கு பந்துக்கு ஒரு முறை கிளப்பை மாற்றிக்கொண்டேன். இல்லாவிட்டால் கடைசியாக எடுக்கும் டிரைவர் களைத்த கையின் பழியையும் சேர்த்துச் சுமக்கும்.

மருந்துக்கடையில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே கிடைக்கும். அதை டிரைவரின் பந்து படும் முகத்தில் லேசாக அடித்தால் வெள்ளையாகப் படியும். பந்து பட்ட இடத்தில், பந்தின் குழிகள்கூடத் தெரியும்படி வட்டமாக ஒரு தடம் விழும். என் 9 டிகிரி டிரைவரில் பத்துத் தடங்களில் ஏழு, குதிகால் பக்கமாகவும் நடுவுக்குக் கீழேயும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. முகத்தின் மேல்பாதியில் வெள்ளை அப்படியே கலையாமல் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் எவரும் சொல்லாததை அந்த வெள்ளை முகம் சொன்னது.

நோட்டுப் புத்தகத்தில் குறித்த கணக்கு இது. காற்றில் பறந்த சராசரித் தூரம் முறையே 186, 191, 188 யார்டு. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆக இடப்பக்கம் விழுந்த பந்துக்கும் ஆக வலப்பக்கம் விழுந்த பந்துக்கும் இடையே முதல் டிரைவரில் 61 யார்டு. இரண்டாவதில் 38, மூன்றாவதில் 34. நான் ஆடும் மைதானத்தில் பல ஃபேர்வேக்களின் (பந்து விழ வேண்டிய, புல் வெட்டிய பாதை) அகலம் 35 யார்டுதான்.

அந்தக் கணக்குப்படி மூன்றாவதைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதில் முகத்தின் நடுவில் பட்ட நல்ல பந்துகள்கூட இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயின. நன்றாக அடித்ததற்குத் தண்டனை தரும் கிளப்போடு என்னால் வாழ முடியாது. இரண்டாவதையே வாங்கினேன். நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

பவுடர் யோசனைக்கு நன்றி, ஐயா. என் அனுபவம் காற்றைப் பற்றியது.

41 வயதில் ஆட வந்தேன். கடைக்குப் போனால், என்னை ஒரு பந்துகூட அடிக்கச் சொல்லாமல், “மேடம், பெண்களுக்கு இதுதான்” என்று 12 டிகிரி, மிகவும் வளையும் எல் ஷாஃப்ட் போட்ட டிரைவரை எடுத்து வைத்தார்கள். இருபது ஆண்டு பாட்மின்டன் ஆடிய கை என்னுடையது என்று யாரும் கேட்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் அந்த டிரைவர் நன்றாகவே பறந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆடி வந்தது. எங்கள் மைதானம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்காற்றில் அடித்தால் பந்து மேலே மேலே ஏறி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, செங்குத்தாகக் கீழே விழும். 160 யார்டு போன பந்து 125-இல் கிடக்கும். லாஃப்ட் அதிகம், பின்சுழற்சியும் அதிகம். எதிர்காற்று அந்தச் சுழற்சியைப் பிடித்துப் பந்தைத் தூக்கிவிடுகிறது.

பயிற்சியாளரிடமிருந்து 10.5 டிகிரி, எல்லைவிடச் சற்று விறைப்பான ஏ ஷாஃப்ட் ஒன்றை வாங்கி இரண்டையும் ஆடிக்காற்றிலேயே அடித்துப் பார்த்தேன். எதிர்காற்றில் புதியது 20 யார்டு கூடுதலாகப் போனது. மார்கழியில் மறுபடி ஒப்பிட்டபோது பழையது 5 யார்டு முன்னால் இருந்தது. எனக்கு வருடத்தில் பாதி காற்று. எதை வாங்குவது என்பதில் குழப்பமே இல்லை.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் இருக்கும் ஆண்களுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் அதைவிடக் குட்டையானதை வைத்துக்கொள்கிறார்கள். நான் கைப்பிடியில் ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து ஒரு மாதம் ஆடிப் பார்த்தேன். தடங்கள் நடுவுக்கு வந்தன. அதன் பிறகுதான் ஷாஃப்டை வெட்டச் சொன்னேன். வெட்டினால் தலை லேசாகிவிட்டது போல் கைக்குத் தோன்றும். தலையின் அடியில் கொஞ்சம் ஈய நாடா ஒட்டிச் சரிசெய்துகொண்டேன்.

ஊட்டியிலிருந்து:

எனக்கு 67 வயது. பத்து வயதில் இந்த மைதானத்தில் பை தூக்க வந்தவன். மர டிரைவர் காலத்தை நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பெர்சிமன் மரத்தில் கடைந்த தலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கழுத்தில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மழையில் நனைந்த பிறகு நூல் தளர்ந்தால் அதை இழுத்துச் சுற்றி மெழுகு தேய்ப்பது பையன்களின் வேலை. முகத்தின் நடுவில் நான்கு திருகாணிகள். அந்த நான்குக்கும் நடுவே பட்டால் கையில் எதுவுமே தெரியாது; பந்து போய்விடும். கொஞ்சம் தள்ளிப் பட்டால், ஜனவரி உறைபனிக் காலையில் விரல் நுனி முதல் முழங்கை வரை மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். பந்தும் 40 யார்டு குறைந்து விழும்.

1979-இல் டெய்லர்மேட் நிறுவனம் உலோக டிரைவரைக் கொண்டுவந்தது. 1991-இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா டிரைவர் வந்தது. அதன் கொள்ளளவு 190 கன சென்டிமீட்டர். அன்றைக்கு அதைப் பார்த்து இவ்வளவு பெரிய தலையா என்று வாய் பிளந்தோம். பிறகு டைட்டானியம் வந்தது. தலை பெருத்துக்கொண்டே போய், 460-க்கு மேல் கூடாது என்று விதி நிறுத்தி வைத்திருக்கிறது. பெரிய தலையில் எடையை ஓரங்களுக்குத் தள்ள முடிகிறது. ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திரும்புவதில்லை. இன்றைய டிரைவர் நமக்குக் கொடுத்திருப்பதில் பெரியது இதுதான் என்பேன். நல்ல அடியின் தூரம் கூடியதைவிட, தவறிய அடியின் இழப்பு குறைந்திருக்கிறது. ஆகவே சென்னை நண்பர் அகலத்தை அளந்து பார்த்தது எனக்கு மிகவும் பிடித்தது.

மலைக்கு வந்து டிரைவர் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் மைதானம் இருக்கும் வென்லாக் டவுன்ஸ் 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. காற்று மெல்லியது. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகப் பந்து கூடுதலாகப் பறக்கும். கீழே 190 யார்டு அடிப்பவர் இங்கே 205 அடிப்பார். புது டிரைவரை முதன்முதலாக இங்கே அடித்துவிட்டு 15 யார்டு கூடிவிட்டது என்று மகிழ்ந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழையதையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் இங்கேயே அடியுங்கள். இங்கே வளைவும் குறைவாகத் தெரியும். கீழே இறங்கினால் உங்கள் ஸ்லைஸ் (வலப்பக்க வளைவு) உங்களுக்காகக் காத்திருக்கும்.

டொராண்டோவிலிருந்து:

இங்கே குளிர்காலத்தில் மைதானங்கள் மூடியிருக்கும். ஐந்து மாதம் கூடத்துக்குள் திரையை நோக்கி அடிப்பதுதான் எங்கள் கோல்ஃப். அதனால் எண்களோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

புது டிரைவர் வாங்கப் போனவன் நான், வாங்காமல் திரும்பினேன். என் பந்து நிமிடத்துக்கு 3,500 முறை பின்னோக்கிச் சுழன்றது. பறந்த தூரம் 198 யார்டு. அளந்து பார்த்த இளைஞர், “அண்ணா, டிரைவரை விடுங்கள், டீயை உயர்த்துங்கள்” என்றார். பந்தின் பாதி, டிரைவர் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியும்படி டீயை உயர்த்தினோம். பந்தை இடக்குதிகாலுக்கு நேராக வைத்தோம். அதுவரை மூன்று டிகிரி கீழ்நோக்கி வந்துகொண்டிருந்த கிளப், இரண்டு டிகிரி மேல்நோக்கிப் போகத் தொடங்கியது. சுழற்சி 2,600-க்கு இறங்கியது. தூரம் 214.

காரணம் எளிது. முகத்தின் நடுவுக்கு மேலே பட்டால் தலை சற்றுப் பின்னோக்கிச் சாயும். அந்தச் சாய்வு பற்சக்கரம் போல் பந்தை எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும், பின்சுழற்சி குறையும். கீழே பட்டால் கூடும். குதிகாலில் பட்டால் வலப்பக்க வளைவு கூடும், முனையில் (குதிகாலுக்கு எதிர்ப்பக்கம்) பட்டால் இடப்பக்கம். சென்னை ஐயாவின் ஏழு தடங்களும் கீழேயும் குதிகாலிலுமாக இருந்தன என்றால், அந்த ஸ்லைஸின் ஒரு பகுதி ஸ்விங்கிலிருந்து வந்ததே இல்லை. தடம் பட்ட இடத்திலிருந்து வந்தது. இரண்டாவது டிரைவரிலும் டீயை உயர்த்தி ஒரு முறை பவுடர் அடித்துப் பாருங்கள்.

விளம்பரத்தில் “10கே” என்று வருகிறதே, அது தலை திரும்புவதை எதிர்க்கும் அளவான நிலைமத் திருப்புத்திறனை இரண்டு திசைகளுக்கும் கூட்டிச் சொல்லும் தொகை. குதிகாலிலிருந்து முனைவரையான திசைக்கு விதி அனுமதிக்கும் எல்லை 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர். கூட்டுத்தொகையை அந்த எல்லையோடு ஒப்பிட்டு விதியை மீறிய கிளப் என்று பயப்பட வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. கழுத்தில் திருகி லாஃப்டை மாற்றும் டிரைவர் வைத்திருப்பவர்கள், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அமைப்பை முடிவுசெய்துவிடுங்கள். போட்டி ஒன்றில் ஏழாவது குழியில் பந்து இரண்டு முறை வலப்பக்கம் போன கோபத்தில் சாவியை எடுத்து 9.5-ஐ 10.5 ஆக்கினேன். சுற்றின் நடுவே கிளப்பின் தன்மையை வேண்டுமென்றே மாற்றி அதால் ஒரு அடி அடித்தால் தகுதிநீக்கம். அடிப்பதற்குள் உடன் ஆடிய அக்கா பார்த்துத் தடுத்தார். பழையபடி திருகி வைத்தேன். அடிக்காததால் தண்டனை இல்லை. அன்றிலிருந்து சாவி காரிலேயே இருக்கிறது.

மீண்டும் சென்னையிலிருந்து:

டொராண்டோ தம்பி சொன்னபடி டீயை உயர்த்திப் பார்த்தேன். பத்தில் ஆறு தடங்கள் நடுக்கோட்டுக்கு மேலே வந்திருக்கின்றன. குதிகால் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மூன்று தடங்கள் அந்தப் பக்கம்தான். கோவை அம்மா சொன்னதைப் போல ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்து அடுத்த மாதம் முழுவதும் ஆடப் போகிறேன். அதற்கு முன் ஷாஃப்டை வெட்டுவதில்லை.

சென்ற சனிக்கிழமை நான்காவது குழியில் கேடி என் பக்கத்திலேயே நின்று பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பயிற்சி ரேஞ்சில் இருப்பேன். மூன்று டிரைவர்களும் பையில் இருக்கும், பவுடரும் இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் தங்கள் டிரைவரோடு வாருங்கள். பத்துப் பத்துப் பந்தாக அடித்து எழுதி வைப்போம்.